எங்கள் வீட்டைப் பார்க்க வந்த வீட்டுக்காரர்கள்

'ஃபேமிலி ஏரியா' என்ற சொல்லை முதன்முதலில் யார் சொன்னாரோ, அந்த மனிதர் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். தாம்பரத்தைச் சுற்றி இரண்டு மாதம் வாடகைக்கு வீடு தேடினோம். பார்த்த எல்லா இடமும் ஃபேமிலி ஏரியாதான். ஒரு புரோக்கராவது, 'இது குடும்பம் நடத்த லாயக்கில்லாத இடம், வராதீங்க' என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? எவனும் சொல்லவில்லை.

எங்கள் ஃபேமிலி மூன்று பேர். நான், என் கணவர், எட்டு வயது மகன். மகனுக்கு ஆட்டிசம். பேச்சு அதிகம் வராது. கூட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து வார்த்தை தேறும். சந்தோஷம் வந்தால் கைகளை உதறிக்கொண்டு 'ஈ...' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அதைவிடப் பெரிதாகக் கத்துவான். மற்றபடி யாரையும் அடிக்கமாட்டான், கடிக்கமாட்டான், பொய் சொல்லமாட்டான். நான் பார்த்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேரைவிட நல்லவன்.

இவருக்கு நாவலூர் ஆபீசுக்கு மாற்றல் வந்ததால் திருச்சியிலிருந்து கிளம்பி வந்தோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பயிற்சி மையம் மகனைச் சேர்த்துக்கொண்டது. அவசரத்துக்குப் பெருங்களத்தூரில் ஒரு முதல் மாடி வீடு பிடித்தோம். கீழ்வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் விடாமல் புகார் சொன்னதில், ஓனர் ஒரு நாள் வந்து காலிபண்ணச் சொல்லிவிட்டார்.

"பையன் சத்தம் தாங்க முடியலையாம்மா. அவங்க பன்னெண்டு வருஷமா இருக்காங்க. அவங்களையா போகச் சொல்ல முடியும்?"

அந்தக் கீழ்வீட்டில் டிவி ஓடினால் எங்கள் வீட்டுத் தரை அதிரும். அது சத்தமில்லையாம். என் பிள்ளை சிரித்தால்தான் சத்தமாம். வயிறு எரிந்தது. ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் போயாக வேண்டும். இவனைக் கண்ணால் பார்த்த பிறகும் 'சரி, வாங்க' என்று சொல்கிற ஒரு வீடு வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

முதலில் முடிச்சூர். புரோக்கர் பைக்கில் முன்னால் போனார், நாங்கள் பின்னால்.

"கண்ண மூடிகினு வரலாம்க்கா. அக்கம்பக்கம் ஃபுல்லா ஃபேமிலிதான் கீது. பேச்சுலர் பசங்க ஒருத்தன் உள்ள வர முடியாது."

"மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்றேன்.

"மழ பேஞ்சா தண்ணி வராம இன்னாக்கா வரும்? கணுக்காலுக்கு வரும், அது பாட்டுக்குப் போயிடும்."

பக்கத்தில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பெட்டியைக் கீழே வைத்தாள். "கணுக்காலா? அந்தப் பெரிய வெள்ளத்துல படகு வுட்டு எங்கள ஏத்திகினு போனாங்க. அதோ அந்த ஜன்னல் மேல சிலாப்பு தெரியுது பாரு, அதுவரைக்கும் நின்னுச்சு."

புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரித்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் மனம் விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதே புரோக்கர் அடுத்து ஒரு புது அபார்ட்மெண்டுக்குக் கூட்டிப்போனார். ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் வைத்துக் குழந்தைகள் விளையாட இடம் கட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு கம்பிக் கதவு, கதவுக்குப் பூட்டு. சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருந்தது. "அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும்தான் மேடம். பந்து கூடாது. கத்தக் கூடாது. பெரியவங்க வாக்கிங் போற நேரம்." அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மகன் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, 'ஈ...' என்று ஆரம்பித்தான். செயலாளர் அவனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், அப்புறம் இருந்தாற்போலிருந்து அந்த வீட்டை வேறு ஆளுக்குத் தருவதாக ஏற்கெனவே வாக்கு கொடுத்திருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சத்தம் போடாத குழந்தை வேணும்னா பொம்மைக் கடையில வாங்கி வெச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நாவலூர்ப் பக்கம் இருபது மாடிக் கட்டடம் ஒன்று. இவருக்கு ஆபீஸ் கூப்பிடு தூரம் என்பதால் ஆசை ஆசையாகக் கூட்டிப்போனார். லிஃப்டில் மகன் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டான். கூட வந்த ஒரு பெண், தன் குழந்தையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்போல. "தொட்டா ஒட்டிக்காதுங்க" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லா மாடியிலும் லிஃப்ட் நின்று நின்று போக, அத்தனை நேரமும் அந்த முகத்தோடு நிற்க வேண்டியிருந்தது.

முகத்துக்கு நேரே யாரும் மறுப்பதில்லை. ஒரு வீட்டில் மாமியாருக்கு பி.பி. இன்னொரு வீட்டில் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஓர் அம்மாள் மட்டும் மகன் கன்னத்தைக் கிள்ளி, "ஸ்வீட் பையன்" என்றாள். கிள்ளிய கையாலேயே கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகுதான் இவர் சொன்னார்: "அடுத்த வீட்டுக்கு அவனைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். முதல்ல வீட்டைப் பிடிப்போம். அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஒளிச்சு வைக்கணுமா? திருட்டுச் சாமானா அவன்?" என்று நான் குதித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை சேலையூர்ப் பக்கம் வீடு பார்க்கப் போனபோது மகனை என் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். இவருடைய தம்பி, பல்லாவரத்தில் இருக்கிறார். மகனுக்குச் சித்தப்பா என்றால் உயிர். அவரைக் கூப்பிட்டது நான்தான். இவர் இல்லை.

அந்த வீடு என்னைக் கவிழ்த்துவிட்டது. தெருவின் முடிவில், அதற்குமேல் வழியில்லாத இடத்தில் இருந்தது. வண்டி போக்குவரத்து கிடையாது. மகன் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாலும் அடிபடமாட்டான். மாடி போர்ஷன், தனிப் படிக்கட்டு, இடுப்புக்கு மேல் கைப்பிடிச் சுவர் வைத்த மொட்டை மாடி. பயிற்சி மையத்துக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகள் செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், யாரும் அவர்களை அதட்டவில்லை. இங்கே இவன் கத்தினால்கூட ஒரு நாள் திரும்பிப் பார்ப்பார்கள், பத்தாம் நாள் பழகிவிடுவார்கள் என்று தோன்றியது. அந்த வீட்டை விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கீழே ஓனர் தம்பதி. அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் தலைமையாசிரியையாக இருந்தவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

"எத்தனை பேரு?" என்றார் டீச்சர்.

"மூணு பேர்தான். ஒரே பையன், எட்டு வயசு" என்றார் இவர். கேட்காமலே, "ரொம்ப அமைதியான பையன்" என்றும் சேர்த்தார். அடப்பாவி மனுஷா என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் தலையாட்டினார். "முன்னாடி இருந்தவங்க பாத்ரூமை நாசம் பண்ணிட்டுப் போனாங்க. அதனால இப்ப ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். குடி வர்றவங்க இப்ப இருக்கிற வீட்டை நாங்க ஒரு தடவை வந்து பார்த்துடுவோம். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, பதினோரு மணிக்கு வரோம். ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பா எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? பெண் பார்க்க வருவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கழிப்பறை பார்க்க வருவதை அன்றுதான் கேள்விப்பட்டேன். வழியெல்லாம் இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தை எடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கிய வேலை ஞாயிறு காலைவரை போனது. மகன் தலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க மேசை முனைகளில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். ஹாலில் அவனுக்காகத் தொங்கவிட்டிருந்த துணி ஊஞ்சலை அவிழ்த்தேன். அவன் நகத்தால் சுரண்டிய சுவரை மறைத்து இவர் பீரோவைத் தள்ளி நிறுத்தினார். தெருக்கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் போட்டிருந்த தாழ்ப்பாளைக்கூடக் கழற்றச் சொன்னேன். மகன் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் போடவில்லை. பத்து மணிக்கு என் கொழுந்தனார் வந்து அவனை பைக்கில் வைத்துப் பார்க்குக்குக் கூட்டிப்போனார்.

சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தார்கள். டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சிங்க் குழாயைத் திறந்து மூடினார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கழிப்பறைக்குள் போய் தரையைக் காலால் தேய்த்தார். என் பல் நறநறவென்றது. காபி கொடுத்தேன்.

"நீட்டா வெச்சிருக்கியேம்மா" என்றார். "குழந்தை இருக்கிற வீடு மாதிரியே இல்ல."

அது பாராட்டாம். நான் இளித்தேன்.

"பையன் எங்க?"

"டியூஷனுக்குப் போயிருக்கான், டீச்சர்."

"ஞாயித்துக்கிழமை கூடவா? பரவால்லையே" என்று சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

கீழே எதிர்வீட்டுக் கேட்டின் ஓரம், வெறும் மண்ணில், என் மகன் உட்கார்ந்திருந்தான்.

பார்க்கைக் காலை பத்து மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்பது பெரியவர்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கொழுந்தனார் அவனை எங்கெங்கோ சுற்றிவிட்டு, இவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இவர் மரியாதைக்காக போனை சைலண்டில் போட்டிருந்தார். கொழுந்தனார் மேலே வரவும் முடியாமல் வேறெங்கும் போகவும் வழியில்லாமல் தெருமுக்கில் முதுகைக் காட்டியபடி நின்று மறுபடி போன் போட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு ஒரு செருப்புதான் இருந்தது. மண்ணை அள்ளி அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று கைகளை உதறி, 'ஈ...' என்றான்.

"யாரும்மா அது? ஒரு மாதிரி இருக்கே, பாவம்" என்றார் டீச்சர். "இந்தத் தெருப் பிள்ளையா?"

"தெரியலையே டீச்சர்" என்றேன். "யாரோ."

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. இவர் ஹாலில் ஓனரோடு பேசிக்கொண்டிருந்தார். 'ரொம்ப அமைதியான பையன்' என்று இவர் சொன்ன பொய்யையாவது ஒரு பொய் என்று தள்ளலாம். நான் சொன்னதை எதில் சேர்ப்பது?  ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை. வீடு கிடைக்கட்டும் என்றுதான் நின்றேன்.

ஹாலுக்குத் திரும்பியபோது ஓனர் எழுந்து நின்று, "ஒண்ணாம் தேதியே வந்துடுங்க சார்" என்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் முகம் மலர்ந்திருந்தது. அப்போது படியில் காலடிச் சத்தம். கதவு திறந்துதான் கிடந்தது, தாழ்ப்பாளும் இல்லை. மகன் உள்ளே வந்தான்.

யாரையும் பார்க்கவில்லை. ஓனரைச் சுற்றிக்கொண்டு, டீச்சரைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். தாகம் எடுத்தால் அவன் வாயால் கேட்பதில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கையை வாட்டர் ஃபில்டர் குழாயின் மேல் வைப்பான். அன்றைக்கும் அப்படியே செய்தான். நான் டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தான். 

டீச்சர் அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். 'பொய் சொல்லி வீடு பிடிக்கப் பார்த்தீர்களா' என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் வரிசையாக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வீடு குடுத்திருப்பேனா மாட்டேனா, எனக்கே தெரியாதும்மா. யோசிச்சுத்தான் இருப்பேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஆனா நீ யாரோன்னு சொன்னியே."

படியில் இறங்கிப் போய்விட்டார்கள். இவர், "என்ன சொன்ன? யாரை யாரோன்னு சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிச்சூரிலிருந்து நாவலூர் வரை எல்லாருக்கும் பதில் வைத்திருந்தவள் நான். அன்றைக்கு அவன் குடித்த டம்ளரை எடுத்துக் கழுவினேன். மகனுக்குத் தாகம் அடங்கவில்லை போலிருக்கிறது. மண் ஒட்டிய கையால் மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.