முப்பது பேரின் தூக்கம்

வேதியியல் படிக்கப் போனவளைப் பிடித்துப் புள்ளியியலில் தள்ளினால் என்ன ஆகும்? நான் ஆனேன். பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் துணைப்பாடம் என்ற பெயரில் அது வந்து தலையில் உட்கார்ந்தது. சராசரி வரைக்கும் எப்படியோ ஒப்பேற்றினேன். ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கிற திட்ட விலக்கம் வந்ததும் முழி பிதுங்கியது. உள்தேர்வு இரண்டிலும் வெளியில் சொல்ல முடியாத மார்க். மிச்சமிருந்தது ப்ராஜெக்ட் ஒன்றுதான். அதுவும் போனால், தலையால் தண்ணீர் குடித்தாலும் இந்தப் பாடத்தில் பாஸாக முடியாது.

பாஸாக வேண்டியது எனக்காக மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. பிளஸ் டூ முடித்த கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, இங்கே ஒரு செல்போன் கம்பெனியில் போன் பூட்டுகிற லைனில் நின்றவள். இருங்காட்டுக்கோட்டையில் அவள் தங்கியிருந்த தனியார் விடுதியில் என்னையும் கூட்டி வந்து பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டாள். அங்கிருந்துதான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கல்லூரிக்குப் போய் வந்தேன். நின்று நின்று அவளுக்குக் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கிளம்பியிருந்தது. "நீ டிகிரிய முடிச்சு ஒரு வேலையில உக்காருட்டி. அன்னைக்கே நான் லைன விட்டு எறங்கிருதேன். எறங்கி ஒரு வாரம் எந்திரிக்காமத் தூங்கணும்" என்பாள். அவளுடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான். புடவையில்லை, நகையில்லை, தூக்கம்.

ப்ராஜெக்டுக்குப் புள்ளியியல் சார் கொடுத்த தலைப்பும் தூக்கமாகவே அமைந்தது என் தலையெழுத்து. முப்பது பேரிடம் தினம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்க வேண்டும். மனிதர்கள் சராசரியாக எட்டு மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதை ஒரு கருதுகோளாக வைத்துக்கொண்டு, நம்மிடம் இருக்கிற விவரம் அதை மறுக்கிறதா இல்லையா என்று டி-டெஸ்ட் போட்டுச் சொல்ல வேண்டும். மற்ற பெண்கள் ஆளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். எனக்கென்ன, விடுதி நிறைய அக்காமார். குளியலறை வரிசையில் நின்றவர்களை நின்ற இடத்திலேயே கேட்டு முடித்தேன்.

எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அஞ்சு.

சொல்லாமல் என்ன செய்வார்கள்? விடுதியில் எல்லாருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். ஓ.டி. முடிந்து வந்து, குளித்து, துவைத்து, சாப்பிட்டுப் படுக்கும்போது பதினொன்றுக்கு விடுதிக்கார அம்மா மெயினை அணைப்பார். நாலு மணிக்குப் போடுவார். ட்யூப்லைட் எரிந்தால் விடிந்தது, அணைந்தால் இருட்டியது. நாங்கள் எல்லாரும் வரிசையாகப் படுக்கிற அந்தக் கூடத்தில் சூரியனுக்கு வேலையே இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன்! முப்பது பேரும் ஒத்துச் சொல்லியிருக்கிறார்கள், இதைவிட உறுதியான விடை யாருக்கு வரும், கணக்கும் சுலபம் என்று. சராசரி ஐந்து. விலக்கம் பூஜ்ஜியம். அதைக் கொண்டு வகுக்கப் போனால் கால்குலேட்டர் 'எரர்' என்றது. மறுபடி தட்டினேன், மறுபடியும் எரர். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் நல்லவர்தான், குறை சொல்லக் கூடாது. கௌரவ விரிவுரையாளர், இங்கே பாதி நாள், படப்பையில் இன்னொரு கல்லூரியில் பாதி நாள் என்று ஷேர் ஆட்டோவில் ஓடுகிறவர். அன்றைக்கும் களைத்துத்தான் இருந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரைம்மா கேட்ட?"

"ஹாஸ்டல்ல இருக்கிற அக்காங்கள சார்."

"கேட்டியா, இல்ல உக்காந்து நீயே எழுதிட்டியா? முப்பது பேரும் ஒரே மாதிரி தூங்க அவங்க என்ன மெஷினா?"

வகுப்பு சிரித்தது. லைட் அணைக்கிற கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மனுஷனுக்கு மனுஷன் மாறும்மா. மாறலன்னா இந்தப் பாடமே தேவையில்ல. வேற ஆளுங்களக் கேட்டுட்டு வா. திங்கட்கிழமை கடைசி" என்றார்.

பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எங்கள் விடுதிக்கு இடமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. வேறு ஆள் என்றால் நான் எங்கே போவேன்? இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாரும் அந்தக் கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். விடுதிக்கார அம்மா உள்ளூர்க்காரர், சொந்த வீட்டில் இருப்பவர், அவராவது மாறிச் சொல்வார் என்று போய்க் கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? நா எய்ந்து மோட்டாரு போட்டு லைட்ட போட்டாதான நீங்க எய்ந்துக்கிறீங்க. எனுக்கு மட்டும் தனியா ராத்திரி வச்சிகீதா?" என்றார். அவருக்கும் அஞ்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடம் முழுக்க ஈரத்துணிக் கொடி. அக்கா வாளியில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்க?" என்றாள். சொன்னேன். மெஷினா என்று கேட்டதையும் சொல்லித் தொலைத்தேன். துணி காயப்போட்டவர்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்டார்கள்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்கு எட்டுன்னு போட்டுக்கோ. தாள்லயாவது தூங்கிக்கிடுதேன்."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். மதுரைப் பக்கத்து அக்கா, "எனக்கு ஏழரை போடு புள்ள. மிச்ச அரை மணி நேரம் டீ குடிக்கணும்" என்றாள். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தவள் ஒன்பது கேட்டாள். மாமியார் வீட்டில் கிடைக்காதாம், இப்போதே வேண்டுமாம். "எனக்கு ஆறு போதும். அதுக்கு மேல தூங்குனா சூப்பர்வைசர் கனவுல வர்றான்" என்றாள் ஒருத்தி. கூடத்திலேயே சின்னவள் பன்னிரண்டு என்று கத்தினாள்.

"பன்னெண்ட சார் நம்ப மாட்டாரு."

"அப்ப பத்து. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

சந்தையில் பேரம் பேசுவது போலத் தூக்கத்தைப் பேசி வாங்கினார்கள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. எழுதிக்கொண்டிருந்த எனக்குத்தான் கண்ணீர் எழுத்தை மறைத்தது. நானும் சிரிப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கணக்கு அழகாக வந்தது. கால்குலேட்டர் ஒரு முரண்டும் பிடிக்கவில்லை. சராசரி எட்டுக்குப் பக்கத்தில் நின்றது. டி மதிப்பு அட்டவணை எண்ணுக்குள் அடங்கியது. பாடம் சொன்னபடியே முடிவை எழுதினேன்: இந்தப் பெண்கள் சராசரியாக எட்டு மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை.

திங்கட்கிழமை சார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். "இப்ப பாரு. இதுதான் டேட்டா. மனுஷங்கன்னா இப்படித்தான் இருப்பாங்க" என்றார். யாரைக் கேட்டாய் என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. நல்ல மார்க் போட்டார். அந்த மார்க்கில்தான் நான் பாஸானேன்.

டிகிரி வந்தது. வேலையும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில், கான்ட்ராக்டில். எப்போது வேண்டுமானாலும் வரவேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய வேலை. அதை நம்பி அக்கா எப்படி இறங்குவாள்? இறங்கவில்லை. இன்னும் அதே கூடத்தில்தான் இருக்கிறோம். நாலு மணிக்கு லைட் எரிந்ததும் இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கொரு கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறோம்.

போன வாரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன், "ஒரு வாரம் தூங்கணும்னியே, அது என்னக்கா ஆச்சு?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எட்டு மணி நேரம் தூங்குதேன்னு எழுதிக் குடுத்துட்டியே. ஒங்க காலேஜே ஒத்துக்கிட்டுச்சு. இன்னும் என்னத்தத் தூங்க?"