அருவிக்கு வந்தவள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். கூடப்பிறந்த அக்காவை வைத்துக் கதை கட்ட எனக்கென்ன தலையெழுத்தா? அத்தான் சத்தியம் செய்து சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அத்தான் தையல்காரர். ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா குச்சியாகிப் போனாள். ரவிக்கைகளை எல்லாம் அவர்தான் அளவு குறைத்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். இரண்டு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். "ஒரே ஒரு தடவை அந்த அருவியப் பாக்கணும்" என்று கெஞ்சியதால் கூட்டிப்போனார். சின்ன அருவிதான். மரங்கள் மூடிய ஒற்றையடிப் பாதை, பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்தது.

பாதி வழியில் ஒரு கல் பெஞ்சு. அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலங்க. நீங்க போய் ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சுட்டு வாங்க. அது போதும்."

அருவி இரைச்சலில் காது அடைத்தது. அத்தான் குனிந்து பாட்டிலை நீட்டினார்.

"வந்துட்டேங்க."

பின்னால் அக்கா! கத்தினாலும் கேட்காத இடத்தில், அவள் மெதுவாகச் சொன்னது தெளிவாகக் கேட்டது. மூச்சு வாங்கவில்லை. கையைப் பிடித்தார். போன வாரம் அவரே பிடித்துத் தைத்த ரவிக்கை... அவள் கையில் இறுகிப் போயிருந்தது. பழையபடி சதை போட்டிருந்தாள்.

தையல்காரன் கண்ணுக்கு இது தப்புமா? உறுத்தத்தான் செய்தது. ஆனால் பாவி மனுஷன், சந்தோஷப்பட்டார்.

"உடம்பு தேறிட்டடி!" என்று அழுதே விட்டார்.

அவள் கை ஜில்லென்று இருந்தது. சாரல்தானே என்று நினைத்துக்கொண்டார்.

கீழேயிருந்து ஒரு ஆள் ஓடி வந்து அத்தான் காதருகே கத்தினார். "சார்! உங்க வீட்டம்மா அங்க..."

அக்காவைப் பார்த்தார். ஒரு அடி பின்வாங்கினார்.

"இதோ இருக்காளே!" அத்தான் சிரித்தார்.

அந்த ஆள் முகம் வெளுத்து, மேட்டுப் பக்கமாக ஏறி ஓடிவிட்டார்.

"போலாமா?" என்றாள் அவள்.

அத்தான் முன்னால் நடந்தார். பின்னால் சருகுச் சத்தம். சரக்... சரக்...

பெஞ்சு தெரிந்தது.

அதில் அக்கா சாய்ந்து கிடந்தாள். மூச்சில்லை. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

சரக்...

நின்றது.

திரும்பினார். யாருமில்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். அத்தான் அதன்பிறகு ஊசியைத் தொடவில்லை.

சில நாள் கழித்து அந்த ஆள் விசாரித்து வீட்டுக்கு வந்தார். "மேலயும் அவங்களே நின்னாங்க. பயந்து ஓடிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று அழுதார். பெஞ்சில் திணறிக்கொண்டே அக்கா அவரிடம் சொல்லி அனுப்பியது இதுதான்:

"என்ன மாதிரியே ஒருத்தி அவர் பின்னாடி போறா... சீக்கிரம் கூப்பிடுங்க."