சாலம்மாள் சொல்லாத பெயர்

சாலம்மாளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறாள். ரேஷன் கடைக்காரரோ நர்ஸோ புருஷன் பெயரைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிப்பாள், அவர் சொல்லிவிடுவார். அவள் வயதுப் பெண்கள் எல்லாம் அங்கே அப்படித்தான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. பின்னால் விசாரிக்க வந்த அதிகாரி சுப்புராயனுக்குத்தான் பெரிய படிப்பு இருந்ததே!

அவள் புருஷன் காத்தான் வளைகுடாவில் பேரீச்சந்தோட்ட வேலைக்குப் போனவன். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடித்தபோது தப்பி ஓடி நம் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தான். அங்கே அதிகாரியாக இருந்தவர் களமருதூர்க்காரர் அன்புச்செல்வன். காத்தான் நம் நாட்டு ஆள்தான் என்று ஊரில் விசாரித்து டெல்லி ஒப்புக்கொண்டால் அவனை அனுப்பிவிடலாம். டெல்லி அசையவில்லை. இவர் விடாமல் எழுதினார். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கே உத்தரவு போடுகிறாயா என்கிற தோரணையில் பதில் வந்தது. கடைசியில் வேண்டாவெறுப்பாக விசாரணைக்கு ஓர் அதிகாரியை மலைக்கு ஏற்றினார்கள். அவர்தான் சுப்புராயன்.

ஜீப்பை விட்டு இறங்காமலே புருஷன் பெயரைக் கேட்டார். சாலம்மாள் வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள். கொளஞ்சியம்மாளின் மாமனார் பெயரும் காத்தான். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் காட்டில் இருக்கிறார்கள், கூப்பிடுகிறோம், கொஞ்சம் இருங்கள் என்று இருவரும் கெஞ்சினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்க வேண்டிய பெரிய மனிதர் இருப்பாரா? கணவர் பெயரே இப்பெண்ணுக்குத் தெரியவில்லை, அப்படி ஒரு கணவர் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். இவருடைய அம்மா மட்டும் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா இவரை வளர்த்தாள்?

டெல்லிக்கு அது போதுமாக இருந்தது. காத்தானைத் தூதரகத்தை விட்டு வெளியேற்றச் சொன்னார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே போனால் அந்த ஊர்ப் போலீஸ் பிடித்துக்கொள்ளும். சுப்புராயன் எழுதியதை அன்புச்செல்வன் போனில் சொன்னபோது சாலம்மாள் வாய்விட்டு அழுதாள். அவர் கொதித்துப்போய் டெல்லிக்கு எழுதினார்: "என் தாயும் இன்றுவரை என் தந்தையின் பெயரைச் சொன்னதில்லை. எனக்குத் தந்தையே இல்லை என்று எழுதிக்கொள்வீர்களா?"

மரியாதைக் குறைவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவர் விளக்கம் எழுதவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பதிலான பயணப் பத்திரத்தில் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் காத்தானை விமானம் ஏற்றிவிட்டார். உடனே அவரைத் திருப்பி அழைத்து, வேலை எதுவும் தராமல் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

காத்தான் ஊர் திரும்பியது பேப்பரில் வந்ததும் சுப்புராயன் சால்வையோடும் போட்டோக்காரரோடும் மலையேறினார். எல்லாம் அரசின் துரித நடவடிக்கையாம். இந்தத் தடவை ஜீப்பை விட்டு இறங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

உள்ளே காத்தான் எழுந்தான். சாலம்மாள் அவனை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"புருஷன் இல்லாதவள்னு எழுதிக்கினு போனீங்க. புருஷன் இல்லாத பொம்பள வூட்டாண்ட உங்களுக்கு இன்னாங்க வேலை?"