மண்டபம் முகாமில் வரிசைக்கு வராத பதினொரு பேர்

தனுஷ்கோடிக்கு எப்படிப் போவது என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி கேட்கிறீர்கள். வழியைச் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் அந்தப் பக்கம் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போய் மூன்று வாரம் கழித்து, திருப்பூரிலிருந்து நிவாரண லாரியில் போனேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

என் கணவர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முதலாளி ஆயிரத்து இருநூறு பனியன் கொடுத்து அவரைக் கூட அனுப்பினார். எங்கள் தெருப் பெண்கள் நூற்று நாற்பது சேலை சேர்த்தார்கள். பெண்களுக்குப் போகும் சேலையைப் பெண்தான் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கிளப்பினார்கள்.

"லாரில எப்படிப் புள்ள வருவே?" என்று கணவர் தயங்கினார்.

"முன்னாடி எடம் இருக்குதுங்க, அம்மணி வரட்டுங்க" என்றார் டிரைவர் ரங்கசாமி.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். குண்டடம் தாண்டித் தாராபுரம் வந்தபோது ஆறே முக்கால். அங்கே டீ பத்துப் பைசா. திண்டுக்கல் ஒன்பதரை, மதுரை பன்னிரண்டு. மதுரையில் ஆளுக்கு ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு (ரசம் மட்டும் நன்றாக இருந்தது). இராமநாதபுரம் நான்கு மணி, மண்டபம் ஐந்தேகால். மொத்தம் முந்நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். அப்போது இராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. ரயில் பாலமும் உடைந்து கிடந்தது. தப்பியவர்கள் பலரைப் படகில் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள்.

பள்ளி வராந்தாவில் மத்திய அரசு அனுப்பிய கோதுமை மூட்டைகள் கூரை வரை இருந்தன. வடக்கே எந்தெந்த மாநிலத்திலிருந்தோ கம்பளிகள் வந்திருந்தன. கட்டுகளின் மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். பொறுப்பிலிருந்த குமாஸ்தா தூங்கிப் பல நாள் ஆனவர் போல இருந்தார்.

"போன வாரம் வரைக்கும் அறை அறையாக் கஞ்சி ஊத்தினோம். இப்பக் குடும்பத் தலைவர் நேரில வந்து கைநாட்டு வைக்கணும்மா, அப்பத்தான் கோதுமை. வீடு கட்டுற உதவிக்கும் இதே பட்டியல்தான். பதினோரு குடும்பம் மட்டும் வரவே இல்லை. கூப்பிட்டு அலுத்துட்டேன்."

மறுநாள் காலை சேலைகளை எடுத்துக்கொண்டு கடைசி வகுப்பறைக்குப் போனேன். பதினொரு பெண்கள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்திலும் தோளைச் சுற்றிக் கம்பளி. சேலையை நீட்டினேன். யாரும் எழவில்லை.

இரண்டு குழந்தைகளை மடியில் வைத்திருந்த ஒருத்தி, அந்தோணியம்மா என்று பேர், தாழ்ந்த குரலில் சொன்னாள். "சேலை முன்னமே வந்துருச்சு தாயி. ரவிக்கைதான் இல்ல. போட்டிருந்தத அலை கிழிச்சிட்டுப் போயிருச்சு. அத்தனை ஆம்பளைக நிக்கிற வரிசையில எப்படி வந்து நிக்கிறது?"

கோதுமை இருபது அடி தூரத்தில்தான் இருந்தது.

வெளியே ஓடி வந்து கணவரிடம் கேட்டேன். "ஏனுங்க, கை வெச்ச பனியனை ரவிக்கையா வெட்ட முடியுங்களா?"

அவர் ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒத்தையா வெட்டுனா உடம்பு தெரியும் புள்ள. ரெண்டைச் சேத்து வெட்டோணும்." கொஞ்சம் யோசித்தார். "மொதலாளி கேட்டா?"

"நாஞ் சொல்லிக்கிறனுங்க."

குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று முணுமுணுத்தார். பிறகு, "பனியனை நான் எண்ணி வாங்கப் போறது சாயங்காலம்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைவீதித் தையல்காரர் ஒருவர் வாடகை வேண்டாமென்று மிஷின் கொடுத்தார். ரங்கசாமி அதைத் தோளில் தூக்கி வந்தார். நான் உள்ளே போய் ஒவ்வொருவருக்கும் நூலில் முடிச்சுப் போட்டு அளவெடுத்தேன். கணவர் வராந்தாவில் வெட்டினார். ஒன்பது மணிக்கு மிதிக்கத் தொடங்கி, நாலு மணிக்குப் பதினொன்றாவது ரவிக்கையை முடித்தேன்.

அந்தோணியம்மாதான் முதலில் வெளியே வந்தாள்.

"குடும்பத் தலைவர் பேர்?" என்றார் குமாஸ்தா.

கணவன் பெயரை வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. திணறிச் சொன்னாள்.

"அவர் எங்கம்மா?"

"வலையை எடுத்துட்டு வாரேன்னு போனாக. வரல."

குமாஸ்தா எழுதியதை அடித்தார். "உன் பேரைச் சொல்லு. நீதான் தலைவர்." புருஷன் திரும்பாத மற்றப் பத்துப் பேருக்கும் அப்படியே எழுதினார்.

அந்தோணியம்மா கோதுமையைக் கையில் அள்ளிப் பார்த்து, "இத எப்படித் தாயி பொங்குறது?" என்று என்னிடம் கேட்டாள். அரிசி தின்றவர்கள்; அரைக்கத் திருகையும் இல்லை. தரையில் பரப்பிக் கல்லால் நுணுக்கிக் கஞ்சி வைத்தோம். கோதுமையை இடித்துக்கொண்டேதான் அவள் தன் கணவனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அழுதாள். நானும் இடிப்பதை நிறுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னோம். அடுத்த லாரியில் பனியனோடு ரவிக்கைத் துணி, நூல், கொக்கி எல்லாம் ஏறின.

இப்போது போகிறவர்களுக்கு: இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, சுமார் இருபது கிலோமீட்டர். தண்ணீர் கொண்டுபோங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். புயலோ வெள்ளமோ வந்த ஊருக்கு உதவி கொண்டு போகிறவர்கள் லாரியில் ஒரு பெண்ணையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். யார் வரவில்லை என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும் அறைக்குள் அந்தப் பெண்ணை அனுப்புங்கள்.