ஆறு வெங்காயமும் ஒரு வாக்குமூலமும்

உங்கள் வீட்டில் இன்று வெங்காயம் நறுக்கியது யார்? பதில் சொல்லுமுன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தீர்களா? அப்படியானால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'மிஷின்' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் கிட்டும் குளிர் அறையில் நின்று, கொக்கியில் தொங்கி வரும் துண்டங்களிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கிற வேலை. பதினோரு வருடம். மற்றவர்கள் மூன்று முடிப்பதற்குள் அவள் ஐந்தை முடித்துவிட்டு ஆறாவதற்குக் கை நீட்டுவாள். அவளைக் காட்டித்தான் மேலாளர் மற்றவர்களை விரட்டுவார். மிஷினும் தேயும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. முதலில் வலது கட்டைவிரல் மரத்தது. பிறகு பக்கத்து விரல்கள் இரண்டும். தம்ளர் நழுவி விழுந்தது. சட்டைப் பொத்தான் போடக்கூடப் புருஷன் வரவேண்டியிருந்தது. அவர் லாரி ஓட்டுகிறவர்.

மணிக்கட்டு நரம்பு நசுங்கிவிட்டது, வேலையால் வந்தது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வீட்டு வேலையால் வந்திருக்கும் என்று மேலாளர் கையெழுத்தோடு கடிதம் அனுப்பியது நிர்வாகம். தொழிற்சாலையால் வந்தது என்று ஒப்புக்கொண்டால் அறுவை சிகிச்சை உண்டு, கத்தி பிடிக்காத வேறு வேலையும் உண்டு. இல்லையென்றால் வெளியே போகவேண்டியதுதான். எது உண்மை என்று பார்க்கத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று தகவல் வந்தது.

உண்மையில் அந்த அடுப்படி எட்டு மாதமாக லாரிக்காரர் கையில் இருந்தது. அக்கம்பக்கத்துக்கு அது தெரியாது. விடிகாலையில் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் அவர் கத்தியையே எடுப்பார்.

"யார்கிட்டயும் வாய விட்டுடாத. நம்ம செட்டுப் பசங்களுக்குத் தெரிஞ்சா வண்டி பின்னாடியே எழுதி ஒட்டிடுவானுங்க."

"என்னன்னு எழுதுவாங்க? சமையல்காரர் பின்னால வருகிறார், ஹாரன் அடிக்கவும்னா?"

"சிரி, சிரி. சாப்பிடுறப்ப இந்தச் சிரிப்பு இருக்கட்டும்."

பழைய சாமான் கடையில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கியிருந்தார்கள். காலையில் ஸ்விட்சைப் போட்டால் எட்டு மணி நேரம் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வேகவைக்கும். கூட வந்த குறிப்புப் புத்தகத்தில் பாதிப் பக்கம் கிழிந்திருந்தது. மிச்சத்தில் அவருக்குப் பிடித்தது குலாஷ் என்கிற ஹங்கேரி நாட்டு மாட்டுக்கறிக் குழம்பு. ஒரு கிலோ கால்சதைக்கு ஆறு பெரிய வெங்காயம். பொடியாக நறுக்கி, பொன்னிறமாக வதக்கி, அடுப்பை அணைத்த பிறகே பாப்ரிகா மிளகாய்த்தூளைக் கொட்ட வேண்டும். முதல் தடவை அடுப்பு எரியும்போதே கொட்டினார். தூள் கருகி, சட்டி முழுக்கக் கசந்தது. இருவரும் மூச்சுவிடாமல் தின்று தீர்த்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கை பழகிவிட்டது. கறி, தக்காளி, குடைமிளகாய், சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி மணக்கும் காரவே விதை, எல்லாவற்றையும் குக்கருக்குள் போட்டு மூடிவிடுவார். நடுவில் மூடியைத் திறக்க அவளுக்குக்கூட அனுமதி கிடையாது.

அதிகாரி வந்தது ஒரு மதியம். வீடு முழுக்கக் குலாஷ் வாசம். லாரிக்காரர் அன்று வண்டி எடுக்கவில்லை. கெட்ட நேரம் என்று சொல்வதற்கு நான் ஜோசியன் இல்லை. ஆனால் அவருடைய கூட்டாளி டிரைவரும் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, வாசம் தெருக்கோடி வரைக்கும் வருது?" என்றார் அதிகாரி.

"அண்ணி கைப்பக்குவம் சார்! அண்ணன் குடுத்துவெச்ச ஆளு, சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது" என்றான் கூட்டாளி.

அதிகாரி அவளைப் பார்த்தார். "நீங்களா சமைச்சீங்க?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஆமா சார். நான்தான்."

"வெங்காயம் எல்லாம்?"

"ஆறு வெங்காயம் சார். ஆறையும் பொடிப்பொடியா." புருஷன் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பியவள், கொஞ்சம் தாராளமாகவே காப்பாற்றிவிட்டாள்.

அதிகாரி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். அவள் சொன்னதை எழுதிய தாளை நீட்டினார். அவள் இடது கையால், கோழி கிளறினாற்போல் கையெழுத்துப் போட்டாள். ஏன் இடது கை என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அவர் போன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அறிக்கை வந்தபோது அதில் ஆறு வெங்காயமும் இருந்தன. 'வீட்டில் கத்தியைக் கொண்டு கடுமையான சமையல் வேலைகளைத் தொடர்ந்து செய்துவருகிறார்.'

"நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

"நீ எங்க மாட்டுன? நான்தான் பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

அந்த அறிக்கையை வைத்தே அவள் கோரிக்கையை நிராகரித்தார்கள். மேல்முறையீட்டு விசாரணையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். லாரிக்காரர் எழுந்து நின்றார். மலைப்பாதையில் பாரம் ஏற்றிய வண்டியை இறக்குகிற மனுஷன், முன்னிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, வீட்ல சமைக்கிறது நான்தான். அதிகாரி வர்றதுக்கு எட்டு மாசம் முன்னாடியிருந்தே. அவளால கத்திய பிடிக்க முடியாது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த தலைவர் சிரித்தே விட்டார். "சம்சாரத்து மேல பாசம் இருக்க வேண்டியதுதான்யா. அதுக்காக இப்படியா? லாரி டிரைவர் குலாஷ் பண்றாராம்!"

"ஒரு கத்தியும் வெங்காயமும் குடுங்க. இங்கயே நறுக்கிக் காட்டுறேன்."

"இது என்ன சமையல் போட்டியா? உட்காருய்யா."

உட்கார்ந்தார். மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரு பெண் பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள், சமையல் என்றால் பெண் என்பதால். ஓர் ஆண் உண்மையைச் சொன்னபோது சிரித்தார்கள், அதே காரணத்தால். சாட்சி எதற்கு, மருத்துவர் எதற்கு? தீர்ப்பு அவர்கள் பிறப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது.

அடுத்த மாதமே தொழிற்சாலை அவளை வேலையிலிருந்து நீக்கியது. காரணம்: கத்தி பிடிக்கும் வலு கையில் இல்லை. வீட்டில் ஆறு வெங்காயம் நறுக்க வலுவுள்ள கைக்கு, தொழிற்சாலையில் நுழைந்ததும் வலு போய்விட்டதாம். கை ஒன்றுதான், வீட்டு வேலையால் வந்தது என்ற கடிதத்திலும் இந்த நீக்கக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்ட மேலாளரும் ஒருவர்தான். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

அறுவை சிகிச்சை நடக்கவில்லை. இப்போது உள்ளங்கையில் கட்டைவிரலடிச் சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிடுகிறாள். லாரிக்காரர் ஜன்னல் திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். கூட்டாளி தெருவில் போகிற போக்கில் "என்னண்ணே, அண்ணிக்கு லீவா?" என்று குரல் கொடுப்பான். "அன்னைக்கு அதிகாரி வந்தப்பவே கேட்டிருக்கணும்டா" என்பார், நறுக்குவதை நிறுத்தாமல்.

திரையைக் கழற்ற அவர் தாமதித்தார். அதன் விலையை அவள் கை கொடுத்தது. நீங்கள் தாமதிக்காதீர்கள். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, விருந்தாளி இருந்தால் இன்னும் நல்லது, நறுக்கியது யார், வதக்கியது யார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அது ஓர் ஆணாக இருந்தால் இரண்டு தடவை சொல்லுங்கள்.