லாஸ் இல்லாத சரக்கு

போடியில் நல்ல ஆடியோ விற்பது என்பது, யாரும் கேட்காத ஒன்றை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே இருக்கும் தொழில். சி.டி. கடை, போட்டோ ஸ்டுடியோ வைத்து நொந்தவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

என் கடையின் பின்னறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிபயர், உட்கார்ந்து கேட்க ஒரு நாற்காலி. தை பிறப்பதற்குள் அந்த செட் விற்காவிட்டால் அறையைப் போன் கவர் விற்க ஒதுக்கிவிட வேண்டும் என்று கெடு வைத்தாள், கடையைச் சேர்ந்து நடத்தும் என் மனைவி செல்வி. அவள் மேல் தப்பில்லை.

மண்டிக்காரர்

புது வீட்டுக்கு செட் பார்க்க ஏலக்காய் மண்டிக்காரர் ஒருவர் வந்தார். ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டேன். போனுக்கு வரும் பாட்டைச் சுருக்கி அனுப்புவார்கள், அதில் நுணுக்கமெல்லாம் உதிர்ந்துவிடும், இது ‘லாஸ்லெஸ்’, எதுவும் போகாது என்று விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று செருப்பைத் தேடினார்.

“தம்பி, லாஸே இல்லாத சரக்குன்னு எவன் சொன்னாலும் நாங்க எந்திரிச்சுருவோம்.”

குரங்கணி ஜீப்பு

முருகேசன் குரங்கணி மலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுபவர். பிடித்துப்போனால் வீட்டுக்குப் பெரிய செட் வாங்குவார் என்ற நப்பாசையில், நானே வலியப் போய் அவர் வண்டியில் நல்ல ஸ்பீக்கர் மாட்டிவிட்டேன். மூன்றாம் நாளே பழையதைத் திருப்பி மாட்டச் சொல்லி வந்து நின்றார். பழையது போடும் இரைச்சலில் மற்ற சத்தமெல்லாம் அமுங்கிவிடுமாம்.

“அண்ணே, பாட்டு தெளிவாத்தான் கேக்குது. வண்டியில எது எது ஆடுதுன்னும் சேர்ந்து கேக்குதே, ஏறுற பொம்பளையாளுக பயப்படுறாக.”

பாடகர் குழு

கிறிஸ்துமஸுக்கு முன்னால், சர்ச் பாடகர் குழுவை நல்ல மைக் வைத்துப் பதிவு செய்தேன். குழுவுக்குப் பிடித்தால் சர்ச் ஹாலுக்கு அந்த செட்டையே எடுத்துக்கொள்வதாக, குழுவை நடத்தும் வாத்தியார் ஞானராஜ் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பேரும் பின்னறையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

போட்டேன். மூச்சு கேட்டது, தாள் புரட்டுவது கேட்டது, இரண்டாம் சரணத்தில் தங்கம் அக்கா சுருதி விலகுவதும் அச்சுப் பிசகாமல் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏன் இவ்வளவு நல்ல மைக் வைத்தேன் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சங்கடம் தாங்காத வாத்தியார், நான் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த அதே பதிவைத் தன் போனில் போட்டார். எல்லாக் குரலும் கலந்து ஒரே குரலாக ஒலித்தது. எல்லோர் முகமும் தெளிந்தது. தங்கம் அக்காதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

“ஆண்டவருக்கு எப்படியும் கேக்கும் அப்பு, ஊருக்கு இது போதும்.”

தை பிறந்ததும் போன் கவர்கள் வந்து நாலு சுவரையும் மூடித் தொங்கின. அவை எதிரொலியை உறிஞ்சிவிடுவதால், விற்காமல் மூலையில் நிற்கும் என் ஸ்பீக்கர்கள் இப்போதுதான் முன்னைவிட நன்றாகப் பாடுகின்றன.