அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று

எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள். தெருமுனை டீக்கடைக்குப் போக என் நடையில் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு; முழங்கால் வலிக்கிற நாளில் இருநூற்று நாற்பது. காலையில் ஐந்து மாத்திரை. நேற்று நான்குதான் இருந்தது என்று மருமகளிடம் சத்தம் போட்டுவிட்டேன். ஐந்தாவது என் மடியில் கிடந்தது. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. என் அப்பா என்னைப் பற்றி என் காதுபட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அவருடைய ஆயுளில் மூன்று முறை. அதையும் எண்ணித்தான் வைத்திருந்தேன்.

பத்து வயதில் நான் எண்ணிய ஓர் எண்ணிக்கை, மைதானம் நிறைய ஆட்களை அந்த அப்பாவின் மேல் ஏவிவிட்டது.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கிளார்க். சூளை ஆறித் திறந்ததும் கோப்பை, தட்டு, ஊறுகாய் ஜாடி, மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் எல்லாம் வெளியே வரும். ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்த்து, தேறியது இத்தனை, விரிசல் விட்டது இத்தனை என்று எழுதுவது அவர் வேலை. நான்கு கோடு நிறுத்தி, குறுக்கே ஐந்தாவது கோடு. நானும் அப்படித்தான் எண்ணப் பழகினேன். கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் ஒன்பது வருஷம் ராணுவத்தில் இருந்தார். அங்கே குத்துச்சண்டைகளுக்கு மார்க் போடும் நடுவராக உட்கார்ந்திருக்கிறார்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அதே கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிற வேலை. அவர் என் அப்பாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். எங்கள் வீட்டு வாசலில் ‘மாமா’ என்று யாராவது குரல் கொடுத்தால் இரண்டு பேர் எழுந்து வருவார்கள். அவருக்குக் கையுறை மாட்டி, எப்படி நிற்பது என்று காட்டியவர் அப்பாதான். வேப்பமரத்தில் மணல் மூட்டையைக் கட்டி இரண்டு வருஷம் குத்தினார் மாமா. ஒரே ஒரு குறை. ஒரு சுற்றில் வெறி வந்ததுபோல் அடிப்பார். அடுத்த சுற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்.

“ஒவ்வொரு சுத்தும் ஒரு சூளைடா மச்சான்,” என்பார் அப்பா. “போன சூளை நல்லா வந்துச்சுன்னு இந்தச் சூளையில ஒடஞ்சத ஒட்டவெக்க முடியுமா?”

“போங்க மாமா. சூளைக்குள்ள வேவுறவன் நானு. எனக்கே சூளையப் பத்திச் சொல்றீங்க,” என்று மாமா சிரிப்பார்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு பந்தயக்காரர் வந்தார். குத்துச்சண்டை நடத்துவதே அவர் தொழில். ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஆளோடு தன் ஆளை மோதவிடுவார். உள்ளூர் ஆள் ஜெயித்தால் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், டிக்கெட் போட்டு நடக்கிற பந்தயங்களில் இறக்குவார். தோற்றால் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சூளை வெக்கையில் புருவம் பாதி பொசுங்கியிருந்தது.

“இந்த ஒரு தபாதான்க்கா,” என்று அம்மாவிடம் சொன்னார். “இத வுட்டா, அந்தச் சூளைக்குள்ளயே வெந்துபோவேன்.”

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தவர். ஒருவர் எங்கள் ஊர் அரிசி மில் முதலாளி. மூன்றாவதாக விதி தெரிந்த ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா பந்தயக்காரரிடம் நேராகவே சொன்னார்.

“அவன் என் சம்சாரத்தோட தம்பி. வேற ஆளப் பாருங்க.”

பந்தயக்காரர் விடவில்லை. “சொந்தம்னு நீங்களே சொல்றீங்களே சார். நீங்களே உக்காருங்க.”

ஊருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெட்ராஸ்காரனுக்கு இவ்வளவுதான் விவரம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு நம் பக்கம். ஆட்டத்தை ஆடவே வேண்டாம், மாமா பெட்டியைக் கட்டலாம் என்றார் டீக்கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. கம்பெனிக்குப் பின்னால், உடைந்த பீங்கான் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடத்தை ஒட்டிய மைதானம். வைக்கோல் பொதிந்து சாமான் அனுப்புகிற மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் நாற்பது பக்க நோட்டோடு நான். சுற்றுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் மாமா, வலது பக்கம் மெட்ராஸ் ஆள். முகத்திலோ நெஞ்சிலோ விலாவிலோ சுத்தமாக விழுந்தால் ஒரு கோடு. கையில் பட்டதும் கையுறையில் பட்டதும் சேராது என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்தார்கள். மொத்தம் ஆறு சுற்று.

மெட்ராஸ் ஆள் குட்டை, அவசரமே படாதவர். வருவார், இரண்டு தட்டு தட்டுவார், விலகிப் போவார். பெரிய அடியாக ஒன்றும் இல்லை. ஆனால் என் பென்சில் வலது பக்கம் போய்ப் போய் வந்தது. இரண்டு சுற்று அப்படியே போனது. மூன்றாவதில் மாமாவுக்கு அந்த வெறி வந்தது. கயிற்றோரம் தள்ளி நிறுத்தி அடித்தார். கோடு போட்டு மாளவில்லை. பென்சில் முனை உடைந்து, பல்லால் கடித்துச் சீவிக்கொண்டு எண்ணினேன். மைதானமே எழுந்து நின்றது. மெட்ராஸ் ஆள் விழவில்லை. தண்டவாளம் அடித்தார்கள்.

நான்காவதில் மாமாவின் வாய் திறந்தே இருந்தது. ஐந்தாவதில் இடது கண் மூடிவிட்டது. ஆறாவதில் எங்கிருந்தோ கொஞ்சம் பலத்தை இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி மணி அடித்தபோது இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

நான் கூட்டினேன். இரண்டு முறை கூட்டினேன். மாமா அறுபத்தொன்று, மெட்ராஸ் ஆள் ஐம்பத்தொன்று.

பக்கத்தில் இருந்த டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை அப்படியே தூக்கிப் பெட்டி மேல் நிறுத்தினார். “கத்திச் சொல்லுடா!” கத்தினேன். விசில் பறந்தது. இரண்டு பேர் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இன்னும் தீர்ப்பு வரவில்லை என்று யாருக்கும் நினைவில்லை.

சண்டைக்குள் நின்று விலக்கிவிட்டவர் மூன்று சீட்டுகளையும் வாங்கி வாசித்தார். மில் முதலாளி: ஐம்பத்தொன்பது, ஐம்பத்தைந்து, மாமாவுக்கு. மெட்ராஸ் நடுவர்: அதே ஐம்பத்தொன்பது, ஐம்பத்தைந்து, அவர்கள் ஆளுக்கு. மூன்றாவது சீட்டைப் பிரித்தார். யாரோ அதற்குள் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். அது வெடித்து முடிகிற வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு,” என்று வாசித்து, மெட்ராஸ் ஆளின் கையைத் தூக்கினார்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரியவில்லை. என் நோட்டில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

தோளில் இருந்த மாமாவை இறக்கிவிட்டார்கள். அவர் தடுமாறிப் போய் மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு மைதானம் அப்பாவின் மேசையை நோக்கி நகர்ந்தது. பந்தயக்காரர் தன் ஆளின் தோளில் துண்டைப் போட்டு ஜங்ஷன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பீங்கான் சில்லு வந்து மேசையில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது அப்பாவின் காதை உரசிக்கொண்டு போனது. நான் எண்ணினேன், ஏழு சில்லு.

“யோவ் கிளார்க்கு! பொண்டாட்டி தம்பி வயித்துலயே குத்திட்டியே!”

“எவ்ளோ யோக்கியன் மாதிரி சொந்தம்னு சொன்ன, அப்பவே தெரியும்யா!”

டீக்கடைக்காரர் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். “நாங்க சொல்லல. உம் புள்ள எண்ணிக்கிறான் பாரு. அறுவத்தொண்ணு, அம்பத்தொண்ணு. படிச்ச ஆளுதான நீ, பாத்துச் சொல்லு!”

யாரோ அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். அந்தப் பிடியில் இருந்தபடியே அவர் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. திருப்பினார். ஆறு பக்கத்தையும், சூளைச் சாமானைச் சுண்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருமுறை தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு மேலாக, முக்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார்.

“சரியாத்தான் எண்ணியிருக்கான்,” என்றார்.

“ஒத்துக்கிட்டான்யா! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!”

சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. நான் பெட்டி மேல் நின்று அழுதேன். அடி விழுகிறதே என்று அல்ல. என் எண்ணிக்கை சரி என்று தெரிந்தும் இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான்.

“வுடுங்கடா! அவர வுடுங்க!” என்று மாமா உள்ளே புகுந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கைகளால் நான்கைந்து பேரைத் தள்ளி, அப்பாவுக்கு முன்னால் நின்றார். “அவர் மேல கைய வெச்சா நான் மனுசனா இருக்க மாட்டேன். வூட்டுக்குப் போங்க எல்லாம்!” கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. கையுறையைக் கழற்றியதும் மாமா கீழே கிடந்த நோட்டை எடுத்தார். ஒற்றைக் கண்ணால், அவரும் ஆறு பக்கத்தையும் பார்த்தார்.

“இத நான் வெச்சிக்கிறேன்டா,” என்று துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். நியாயத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் முதல் அப்பாவுக்கு ஊரில் ‘ஒத்துக்கிட்ட கிளார்க்கு’ என்று பெயர். அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். “உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு” என்று, அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம் சொல்வாள். ஐந்தாம் நாள் மத்தியானம் என்னை உட்காரவைத்துப் பிராது எழுதச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதி, முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரிக்கும். பொய்ப் பிராது என்றால் கட்டினவர் பக்கமே திரும்பும் என்பார்கள்.

அம்மாவுக்கு எழுத வராது. நான்தான் எழுதினேன். ‘என் தம்பி அறுபத்தொரு குத்து. எதிராளி ஐம்பத்தொரு குத்து. தம்பி தோற்றதாக மார்க் போட்டவரை நீயே விசாரி.’ அப்பாவின் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள்; அதனால் பிராதில் யார் மேல் புகார் என்றே இல்லை. கட்டிவிட்டு வந்து வீட்டுக்காரருக்குச் சோறு போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மாமா வந்தார். கண் வீக்கம் வடிந்திருந்தது. சூளை வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தார். அம்மா பிராது விஷயத்தைச் சொன்னாள்.

மாமாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. “என்னக்கா பண்ணி வெச்சிருக்க! கெளம்பு. இப்பவே போயி வாபஸ் வாங்கு.”

“ஏன்டா, ஒனக்கு நியாயம் கெடைக்க வேணாமா?”

“வேணாங்க்கா. ஒன் காலப் புடிக்கிறேன். இதுல சாமிய இழுக்காத.”

சைக்கிளில் அம்மாவை உட்காரவைத்து அவரே மிதித்துக்கொண்டு போனார். எவ்வளவு தங்கமான மனசு, தன்னைத் தோற்கடித்தவருக்குக்கூடக் கெடுதல் வரக் கூடாது என்று நினைக்கிறாரே என்று தெருவே பேசியது. திரும்பி வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு, “கொழம்பு ஊத்தவா?” என்று அப்பாவைக் கேட்டாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அதன்பின் நான் குத்துச்சண்டை பார்த்ததில்லை. அப்பா அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற்றார், அந்தப் பெயரோடுதான் போனார். மாமா சூளையிலேயே இருந்தார். டீக்கடையில் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை இருந்தது. மெட்ராஸில் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டிய ஆள் என்பார்கள். அவர் மறுத்துப் பேசியதை நான் கேட்டதில்லை.

சென்ற தையில் மாமா தவறினார். எண்பத்தெட்டு வயது. காரியம் முடிந்ததும் அவர் மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அப்பா பொட்டி அடியில இருந்துச்சு. ஒங்க கையெழுத்து மாதிரி இருக்குது மாமா.”

என் கோடுகள்தான். மொத்தம் மட்டுந்தான் எனக்கு இத்தனை வருஷம் மனப்பாடம், பக்கவாரியாக மறந்துபோயிருந்தது. ஏழு, ஒன்பது. எட்டு, பத்து. இருபத்தொன்று, ஆறு. ஆறு, எட்டு. ஒன்பது, பத்து. பத்து, எட்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாமாவின் கோணல் எழுத்தில் வேறு இரண்டு எண்கள் இருந்தன. அந்தச் சுற்றில் ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது; ஒரேயடியாக அடி வாங்கியிருந்தால் எட்டு. மூன்றாம் சுற்றில் மட்டும் மெட்ராஸ் ஆளின் ஒன்பதை அடித்து எட்டாக்கி, பிறகு அந்த எட்டையும் அடித்து மறுபடி ஒன்பதாக்கியிருந்தார். எட்டே போட்டிருந்தாலும் ஒரு மார்க்கில் தோல்விதான். நான் கூட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் மொத்தம். மாமா ஐம்பத்தாறு, மெட்ராஸ் ஆள் ஐம்பத்தெட்டு.

ஆறு சூளையில் நான்கு உடைந்திருந்தது. நான்தான் பக்கம் பக்கமாக அதை எழுதி, பெட்டி மேல் ஏறி நின்று, வேறொன்றைக் கத்தியிருக்கிறேன்.

‘சுத்து சுத்தா கூட்டிப் பாருங்க’ என்று அப்பா ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கிழிந்த சட்டை கிழியாமல் இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். பத்தடி தூரத்தில் மாமா ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அவர் சொன்னது ‘சரியாத்தான் எண்ணியிருக்கான்’ என்ற ஒரு வரிதான். அதை ஊரைப் பார்த்துச் சொன்னார் என்று நினைத்து நான் அழுதேன். அப்பா என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது மூன்று முறை என்று எழுதினேன். தவறு. நான்கு.